மான் வேட்டைக்கு முந்தைய வெள்ளி

லோர்னா கிவெலா யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஃபிரிட்ஜைத் திறந்துவிடுவார். நலம் விசாரிப்பது அதற்குப் பிறகுதான். "பால் மேல் தட்டுல இருக்கு, பீர் கீழ் தட்டுல இருக்கு. பிள்ளை கைக்கு எது எட்டும்?" என்று கேட்பார். வீட்டுக்காரர்களுக்கு அவரைப் பிடிக்காது. அதனால் அவர் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை.

வீட்டில் அடிபட்ட, கவனிப்பாரில்லாமல் விடப்பட்ட குழந்தைகளுக்காக எங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் பேசும் தன்னார்வலர் அவர். அரசு வக்கீலுக்குச் சம்பளம் உண்டு. பெற்றோரின் வக்கீலுக்கு உண்டு. நலத்துறை அதிகாரிக்கும் உண்டு. லோர்னாவுக்குக் கிடையாது. ஆனால் குழந்தையை அடிக்கடி நேரில் போய்ப் பார்ப்பது அவர் மட்டும்தான். சம்பளம் வாங்குகிறவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை, பாவம்.

முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஊரில் பாதிப் பேர் அவர் பேருந்தில் வாந்தி எடுத்தவர்கள். அதனால் யாருடைய கோட்டும் டையும் அவரை மிரட்டுவதில்லை.

போன நவம்பரில் மெய்சியின் வழக்கு விசாரணைக்கு வந்தது. அவளுக்கு ஏழு வயது. தம்பி எம்மெட் இன்னும் நடக்கத் தொடங்கவில்லை. அம்மா போதைப் பழக்கத்தில் விழுந்ததால் நலத்துறை இருவரையும் வேறு வேறு வளர்ப்பு வீடுகளில் விட்டிருந்தது. "தம்பிக்கு என்னை ஞாபகம் இருக்குமா?" என்று மெய்சி ஒவ்வொரு முறையும் கேட்பாளாம். "சீக்கிரம் சேர்ந்தா இருக்கும்" என்பாராம் லோர்னா. ஆறுதலுக்குக்கூட அவருக்குப் பொய் வராது. கடைசியில் இருவரையும் சேர்த்து ஏற்க ஒரு குடும்பம் கிடைத்தது. ஆனால் திங்கட்கிழமைக்குள் உத்தரவு வராவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைகளுக்குப் போய்விடும்.

விசாரணை வெள்ளிக்கிழமை மதியம். சனிக்கிழமை மான் வேட்டை சீசன் ஆரம்பம். எங்கள் ஊரில் கிறிஸ்துமஸைத் தள்ளிவைத்தாலும் அதைத் தள்ளிவைக்க முடியாது. நீதிமன்றத்தின் கீழ்த்தளக் காபிக் கடையில் வேலை பார்க்கும் நான், காபி கொண்டுபோன சாக்கில் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். அரசு வக்கீல் டென்னி எழுந்து, லோர்னாவின் அறிக்கையைப் படிக்க அவகாசம் வேண்டும் என்றார். அவர் கோட்டுக்கு அடியில் ஆரஞ்சு நிற வேட்டைச் சட்டை எட்டிப் பார்த்தது. மெய்சியின் அம்மாவின் வக்கீலுக்கும் திடீரென்று அவகாசம் தேவைப்பட்டது. எதிரெதிர்த் தரப்புகள் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

"டேய் டென்னி, மூணே பக்கம்டா. வீட்டுப்பாடத்தை பஸ்ல ஏறினப்புறம் எழுதுவியே, அந்த வேகத்துல இப்பவே படி" என்றார் லோர்னா.

"லோர்னாக்கா, இது கோர்ட்டு..."

"தெரியும்டா. அதான் மரியாதையா பேசிட்டிருக்கேன்."

நீதிபதி ஹால்வோர்சன் கடிகாரத்தைப் பார்த்தார். "சீசன் முடிஞ்சதும் முதல் வேலையா எடுத்துக்கலாமே, லோர்னா?"

"நானும் வேட்டைக்காரிதான் ஐயா. மான் அடுத்த வாரமும் அதே காட்டுலதான் இருக்கும். அந்த வீடு இருக்காது. தள்ளிவைக்கிறதா இருந்தா மானுக்காகத் தள்ளிவெச்சோம்னு பதிவு பண்ணச் சொல்லுங்க. மெய்சிகிட்ட நான் அதையே சொல்லிடறேன்."

டென்னி படித்தார். நான் கொடுத்த காபி ஆறுவதற்குள் படிப்பு முடிந்துவிட்டது. ஆட்சேபணை இல்லை என்றார். அதுவரை தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த மெய்சியின் அம்மா, தன் வக்கீலின் கையைத் தட்டிவிட்டு, "ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும்" என்றாள். நீதிபதி கையெழுத்துப் போட்டார்.

மாலையில் இரண்டு வீடுகளிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டி வந்து, நலத்துறை அதிகாரியின் காரில் அருகருகே உட்கார வைத்தார்கள். மற்ற வண்டிகளெல்லாம் காட்டுப் பக்கம் போய்விட்டிருந்தன. தன்னார்வலர்கள் பிள்ளைகளைத் தங்கள் வண்டியில் ஏற்றக் கூடாது என்பது விதி. லோர்னா பின்கதவைத் திறந்து, எம்மெட்டின் இருக்கைப் பட்டையை இழுத்துப் பார்த்தார். பிறகு மெய்சியுடையதை.

"நான் சரியாத்தான் போட்டிருக்கேன், லோர்னா" என்றார் அதிகாரி.

லோர்னா தலையை ஆட்டிவிட்டு, எம்மெட்டின் பட்டையை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.