மஞ்சள் குளிசை மருந்தில்லை

எத்தாளையில் நண்டு வலை போடுகிற என் வாப்பா, ஒரு நாள் வலையைக் களப்பில் எந்த இடத்தில் போட்டார் என்பதை மறந்துவிட்டார். அடுத்த வாரமும் மறந்தார். மூன்றாவது தடவை பக்கத்து வள்ளக்காரர்தான் தேடி எடுத்துக் கொடுத்தார். அன்றே என் மூத்த சகோதரர், நானா, சொல்லிவிட்டார்: “எழுபது தாண்டியாச்சு. வள்ளத்த வித்துடுவோம்.” வாப்பா தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. கருவி பிழையாகக் காட்டினால் உடனே கழற்றி வீசமாட்டோம். அண்மையில் என்ன மாறியது என்று முதலில் எழுதுவோம். கிளினிக் நாள் வரைக்கும் பொறுக்கும்படி நானாவிடம் சொல்லிவிட்டு, ஒரு கொப்பியை எடுத்து ‘மருந்து’ என்று தலைப்புப் போட்டேன். வாப்பா மூன்று சொன்னார்: பிறஷருக்கு, சீனிக்கு, கொழுப்புக்கு. மூன்றும் பல வருடமாகக் குடிப்பவை. மாற்றம் எதுவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து, அவர் தும்மிவிட்டு சேர்ட் பையிலிருந்து ஒரு சின்ன மஞ்சள் குளிசையை எடுத்து வாயில் போடுவதைக் கண்டேன்.

“வாப்பா, இது லிஸ்ட்ல இல்லியே?”

“இது மருந்தில்ல மகள். தும்மலுக்கு.”

“குளிசதானே?”

“டொக்டர் தந்தாத்தான் மருந்து. இது பாமசில வாங்கின சாமான்.”

தலைப்பை வெட்டிவிட்டு ‘வாயில் போடும் எல்லாம்’ என்று எழுதினேன். வாப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. வெற்றிலை, பேரீச்சம்பழம், கருஞ்சீரகம், உம்மாவின் உப்பில்லாத மீன் ஆணம்.

“அதையும் போடு. அதுதான் ஆகக் கஷ்டமான மருந்து.”

“நாளைக்கு அதுவும் இல்ல!” என்று குசினியிலிருந்து உம்மாவின் குரல் வந்தது.

மஞ்சள் குளிசை காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, படுக்கும்போது ஒன்று. நான்கு மாதமாக. மறதி தொடங்கியதும் அதற்குப் பிறகுதான்.

கிளினிக் டொக்டர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார். இந்த வகைக் குளிசை வயதானவர்களுக்குத் தூக்கத்தைத் தருவதோடு ஞாபகத்தையும் யோசனையையும் மந்தமாக்கக் கூடும் என்றார். இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. இதை நிறுத்தி, தும்மலுக்கு வேறொன்று தந்து, ஒரு மாதத்தில் வரச் சொன்னார்.

“வேற எதையாவது சொல்லாம விட்டீங்களா?”

“வெத்தில கூட எழுதி இரிக்கு டொக்டர்.”

மாதம் முடிவதற்குள் நானா சோதித்துப் பார்க்க வள்ளத்தில் ஏறினார். வாப்பா எஞ்சினை நிறுத்திய இடத்திலெல்லாம் எங்கள் வலையின் மிதவை இருந்ததாம். சோற்றுப் பார்சலைக் கரையிலேயே மறந்துவிட்டுப் போனது நானாதான். இருவரும் பசியோடு திரும்பி வந்தார்கள்.

“மகள், கொப்பிய எடு,” என்றார் வாப்பா, நண்டுக் கூடையை இறக்கியபடி. “ஒங்கட நானா என்னத்தயெல்லாம் வாயில போடுறாண்டு எழுது. இவன விக்கிறதா வெச்சிக்கிறதாண்டு பொறகு பாப்போம்.”