மார்கழியில் நார்வே

எண்பதுகளின் நடுவில் என் மூத்த மகளை நார்வேயின் வடகோடியில் துறைமுக இன்ஜினியராக இருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தேன். அடுத்த வருஷம் மாப்பிள்ளை மட்டும் ஒரு வேலையாக மதராஸ் வந்தவர், விளாத்திகுளத்தில் எங்களையும் பார்க்க வந்தார்.

"மாமா, ஒருதடவை வந்துட்டுப் போங்க. ஆனா ஜூன்ல வாங்க. குளிர்காலத்துல வேண்டாம்."

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். சாப்பிடும்போது சொன்னார். கோவில்பட்டியில் ரயில் ஏறும்போதும் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் கரிசல்காட்டில் பெண் கொடுக்கப்போகிற வீட்டைக் கோடையில்தான் போய்ப் பார்ப்போம். தை, மாசியில் எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும். களத்தில் மிளகாய் காயும், தானியக் குலுக்கையில் கம்பு கிடக்கும். சித்திரை வெயிலில் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தால் அந்த வீட்டில் பெண் பிழைப்பாளா என்று தெரிந்துவிடும். இந்த மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் வீட்டை அப்படிப் பார்த்தேன். மகள் குடியிருக்கப்போகிற வீட்டை யார் பார்த்தது?

"அவரு நல்லதுக்குத்தான் சொல்லுதாரு. உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்றாள் என் மனைவி.

"ஜூன்ல வா, ஜூன்ல வான்னா, மார்கழியில எதையோ மறைக்காருன்னு அர்த்தம்" என்றேன்.

குடி இருக்குமோ, வேறொருத்தி இருப்பாளோ என்று மனம் கண்டபடி ஓடியது. பருத்திக்காட்டைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு மார்கழியிலேயே கிளம்பினேன்.

போன அன்றைக்கே, அடுப்படியில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அலமாரிகளைத் திறந்து பார்த்தேன். பாட்டில் எதுவும் இல்லை. மாப்பிள்ளை வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வந்தார், சோறு வடித்தார், பாத்திரம் தேய்த்தார். மாமனாருக்கு முன்னால் ஆம்பிளை பாத்திரம் தேய்ப்பதைப் பார்த்ததும் என் சந்தேகம் இன்னும் கூடத்தான் செய்தது.

அப்புறம்தான் மகளைக் கவனித்தேன். எங்கள் வீட்டில் அவள் வருவதற்கு முன்னால் அவள் சத்தம் வரும். இங்கே ஜன்னலோரம் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. வெளியே உச்சிப்பொழுதில் கொஞ்சம் வெளுக்கும், உடனே இருட்டிவிடும். அந்த மாசம் முழுக்க அங்கே சூரியன் உதிப்பதே இல்லை.

"மாப்பிள்ளை உன்னை அடிக்காராட்டி?" என்று கேட்டேன்.

"இல்லப்பா" என்றாள்.

மாப்பிள்ளையை அடுப்படியில் மடக்கினேன். அவர் மறைக்கவில்லை.

"போன வருசமும் இப்படித்தான் மாமா. இருட்டு வந்தா படுத்துருதா. டாக்டர்கிட்டயும் காட்டுதோம். வெயில் எட்டிப் பாத்ததும் எந்திரிச்சிருவா. ஜூன்ல வந்திருந்தா சிரிச்ச முகமாப் பாத்திருப்பீங்க. உங்களை அப்ப வரச் சொல்லச் சொன்னதே அவதான்."

சண்டை போடுவதற்கென்றே அத்தனை தூரம் போனவன் நான். சண்டை போட அங்கே ஆள் இல்லை.

"அப்ப வருசாவருசம் கார்த்திகை பிறந்ததும் அவளை எங்ககிட்ட அனுப்பிருங்க. தை முடிஞ்சு வரட்டும்."

"நானும் அதைத்தான் சொல்லுதேன் மாமா. போகமாட்டேங்கா."

மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஏன் தாயி, நம்ம வீட்டுக்கு வாரதுக்கு என்ன?"

"புருசனை விட்டுட்டு வருசாவருசம் தனியா வந்து நின்னா, என்ன ஏதுன்னு கேக்க மாட்டாவளா?"

"கேக்கட்டும். ஊருக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

அவள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் வந்ததிலிருந்து அப்போதுதான் நேராகப் பார்த்தாள்.

"ஊரு கெடக்கட்டும்ப்பா. முதல் ஆளாக் கேக்கப்போறது நீங்கதான்."