மச்சினனின் ஆறடித் தொட்டி

கிள்ளானில் இருக்கும் என் மச்சினன் ஆறடிக் கண்ணாடி மீன் தொட்டி வாங்கிய செய்தி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, நான் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் என் இரண்டடித் தொட்டியின் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். "அவன் தொட்டிக்குள்ள உங்க தொட்டிய முக்கி எடுக்கலாம் போல" என்றாள் மனைவி. தம்பியின் பெருமை அவளுக்கு. நான் சிரித்து வைத்தேன். வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? முதன்முதலில் என் தொட்டியில் பவளத்தைப் பார்த்து, இது உயிரா கல்லா என்று கேட்டவன் அவன். என்னைப் பார்த்துத்தான் அவனும் கடல் மீன் வளர்க்க ஆரம்பித்தான். அவனுடைய க்ளௌன் மீன் ஜோடியைக்கூடக் கடையில் நின்று பொறுக்கிக் கொடுத்தது நான். எனக்கு வாய்த்தது எட்டாவது மாடியில் ஒரு சின்ன ஹால். அவனுக்குத் தரை வீடு. எவ்வளவு பாரமும் தாங்கும். இதில் யாருடைய தவறும் இல்லை என்பதுதான் இன்னும் எரிச்சல்.

பழைய மூன்றடித் தொட்டியிலிருந்து எல்லாவற்றையும் புதியதற்கு மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். நான் வராமல் எதிலும் கை வைக்கப்போவதில்லை என்று மச்சினன் போனில் சொன்னான். அதைக் கேட்டாவது நான் இளகியிருக்க வேண்டும். கொமுட்டர் ரயிலில் கிள்ளான் போய்ச் சேரும்வரை, அந்தத் தொட்டியில் ஏதாவது கோணல் இருக்காதா என்றே யோசித்துக்கொண்டு போனேன்.

கோணல் ஒன்றும் இல்லை. தண்ணீர் நிரப்பிப் பல வாரம் ஓடவிட்டுப் பக்குவமாக வைத்திருந்தான். கண்ணாடியின் மூலையில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள் அவன் மனைவி.

பாறைகளையும் பவளங்களையும் மாற்றவே மதியம் தாண்டிவிட்டது. பிறகு மீன்களைப் பழைய தண்ணீரோடு வாளியில் விட்டோம். புதுத் தொட்டியிலிருந்து மெல்லிய குழாய் இழுத்து, அதில் ஒரு முடிச்சுப் போட்டு, வாளிக்குள் சொட்டுச் சொட்டாக விழவைத்தோம். மீன் ஒரு தண்ணீரின் உப்புக்குப் பழகியிருக்கும். சட்டென்று மாற்றினால் அதன் உடம்பு தாங்காது.

மச்சினன் கை கழுவப் போயிருந்த நேரத்தில் என் உப்பு மீட்டரில் இரண்டு தண்ணீரையும் வைத்துப் பார்த்தேன். வாளியில் 1.020. புதுத் தொட்டியில் 1.026, உப்பு அதிகம். அவனுடைய பிளாஸ்டிக் மீட்டர் அவனை ஏமாற்றியிருந்தது. இந்த வித்தியாசத்துக்கு ஒரு மணி நேரச் சொட்டெல்லாம் காணாது. இருட்டும்வரை சொட்டவிட வேண்டும், அதுகூடப் போதுமோ என்னவோ.

சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அவன் மனைவி காப்பி கொண்டுவந்தாள். "அண்ணே, இனிமே மீன் பாக்கணும்னா எல்லாரும் எங்க வீட்டுக்குத்தான் வருவாங்க" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் மீட்டரைத் துடைத்துப் பைக்குள் போட்டேன்.

நான்கு மணி தாண்டியதும் அவள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். "நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள உள்ள விட்டுடலாம்லா."

சொட்ட ஆரம்பித்து முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மச்சினன் என்னைப் பார்த்தான்.

"போதுமா மாமா?"

"போதும்" என்றேன்.

க்ளௌன் ஜோடியை அவள்தான் கிண்ணத்தில் எடுத்து உள்ளே விட்டாள். தினமும் வேலைக்குப் போகுமுன் அவள் விரலை நீட்டுவாள். பெண் மீன் வந்து செல்லமாகக் கடிக்கும். அன்றும் விரலை நீட்டினாள். அது வரவில்லை. புது இடம், கூச்சம் என்று சிரித்தாள்.

மீன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு நாள் சோர்ந்து கிடக்கட்டும், அவன் பதறிப்போய் எனக்குப் போன் செய்யட்டும், நான் போய்ச் சரிசெய்கிறேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

போன் செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. பெண் மீன் மணலில் கிடப்பதாகச் சொன்னான். தண்ணீரின் உப்பை மெதுவாகக் குறைக்கச் சொன்னேன். சாயங்காலம் இன்னொன்றும் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு மனைவியோடு போனேன். பவளங்கள் சுருங்கிக் கிடந்தன. அவ்வளவு பெரிய தொட்டியில் மிஞ்சிய ஒரே ஒரு மஞ்சள் மீன் அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தது. மச்சினன் டிவியைப் போட்டுவிட்டு அதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். வந்த வேகத்திலேயே கிளம்பினோம். வாசலில் நான் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது அவன் மனைவி பின்னாலேயே வந்து நின்றாள்.

"நான்தான்ணே அவசரப்படுத்திட்டேன். ராகு காலம் அது இதுன்னு சொல்லி நானே கொன்னுட்டேன். நீங்க இவ்ளோ தெரிஞ்சவரு, உங்க போக்குல விட்டிருக்கணும். மன்னிச்சிருங்கண்ணே."

நான் குனிந்து கயிற்றைக் கட்டினேன். கட்டி முடித்த பிறகும் உடனே நிமிரவில்லை.

"பரவால்லம்மா" என்றேன். "அடுத்த தடவ பாத்துக்கலாம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு நன்றி சொன்னாள்.