மேசையில் விரிந்து கிடந்த புத்தகம்

அன்று காலை ஹோட்டல் மேசையடியில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். நான். ஈரத் துடைப்பத்தோடு நின்ற, அறை கூட்டும் அக்கா. வாவி மீனைக் குசினிக்குக் கொண்டுவந்த மீன்காரர். பெரியகல்லாற்றிலிருந்து வந்த ஒரு மாமா. இவ்வளவு பேர்தான். ஆறாம் நம்பர் அறையில் இருந்த மிஸ் அங்கே இல்லை. அவருடைய பெயர் மட்டும் இருந்தது, மேசையில் விரிந்து கிடந்த பதிவுப் புத்தகத்தில்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத வராது என்றில்லை, எழுதிப் பழக்கமில்லை. வாவிக்கரையில் அந்தச் சின்ன ஹோட்டலில் ஒன்பது வருடம் வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொண்டேன். வருகிறவர்கள் பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம், அறை நம்பர் எல்லாவற்றையும் அந்தப் புத்தகத்தில் எழுதுவார்கள். பொலிஸ் கேட்டால் காட்டத்தான் அது. ஆனால் காலை முதல் மாலை வரை அது திறந்தே கிடக்கும். பேனையை நடுவில் வைத்திருப்போம். மூடி வைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மிஸ் ஆஸ்பத்திரித் தாதி. முதல் நாள் பின்னேரம் ஒரு பையோடும் தடித்த புத்தகங்களோடும் வந்தார். இரண்டு நாளைக்கு அறை கேட்டார். மறுநாள் முழுக்கப் படிக்க வேண்டும், அதற்கடுத்த நாள் காலை எட்டரைக்கு டவுனில் ஆங்கிலப் பரீட்சை என்றார். அதில் தேறினால்தான் வெளிநாட்டு வேலை. பெயரை எழுதிவிட்டுப் பேனையை வைக்காமல் சொன்னார்: “அண்ணன், ஆர் வந்து கேட்டாலும் நான் இஞ்ச இல்லெண்டு சொல்லுங்க.” நான் ஓம் என்றேன். அந்த ஓமைத்தான் இன்றைக்கும் விழுங்க முடியவில்லை.

பஸ்ஸில் அவரைக் கண்ட யாரோ ஊரில் சொல்லிவிட்டார்களாம். மறுநாள் காலை மிஸ்ஸின் மாமா வந்தார். வெள்ளைச் சாரன், கையில் குடை. அதட்டவில்லை, மிரட்டவில்லை. அப்படி வந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். கதிரையில் இருந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். என்ன குடி என்று கேட்டார், அதையும் சொன்னேன். எங்கள் பக்கத்தில் குடி என்பது தாய்வழியாக வரும் வம்சம். ஒரே குடிக்காரர் முன்பின் கண்டிராவிட்டாலும் சகோதர முறை. அவரும் என் குடிதான். எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

“அப்ப நீ நம்மட ஆள் கா. தம்பி, நம்மட தங்கச்சிக்குச் சுகமில்ல. மகள் இஞ்சதான் எங்கயோ இரிக்காளாம்.”

அவருடைய தங்கை ஒரு நிமிடத்தில் எனக்கும் தங்கை ஆகிவிட்டார். நான் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினேன். வரியில் விரலை வைத்து, “ஆறாம் நம்பர், அண்ணன்” என்றேன். அறை கூட்டும் அக்கா என்னைப் பார்த்தார். பிறகு துடைப்பத்தைப் பிழியத் தொடங்கினார்.

கொஞ்ச நேரத்தில் மிஸ் மாமாவோடு இறங்கி வந்தார். புத்தகங்களை மாமா தூக்கியிருந்தார். மிஸ் என்னை ஏசவில்லை. அறைப் பூட்டின் திறப்பை மேசையில் வைத்தார், அவ்வளவுதான். வீட்டுக்குப் போனால் அம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றாராம். வீட்டில் கலியாணம் பேசியிருந்தார்கள், வெளிநாடு போவதில் யாருக்கும் விருப்பமில்லை. பரீட்சை முடியும்வரை அவரை வாசல் படலை தாண்ட விடவில்லை.

ஒரு கிழமை கழித்து மிஸ் தனியாக வந்தார். இந்த மனிதி அழுவார், கத்துவார் என்று நினைத்தேன். அவர் ஒரு தாளை என் முன்னால் வைத்தார். “உங்களோட சண்டைக்கு வரல்ல. அண்டைக்கு நடந்தத அப்படியே எழுதிக் கையெழுத்து வைங்க. எத்தின மணி, ஆர் கேட்டது, நீங்க என்ன சொன்னது.” என் எழுத்து கோணல் என்றேன். கோணலாகவே எழுதச் சொன்னார். எழுதினேன். புத்தகத்தில் தன் பெயர் இருந்த வரியையும் போனில் படம் எடுத்தார், மற்றவர் பெயர்களைத் தாளால் மறைத்து. நாங்கள் அதுவரை செய்யாத வேலை அது.

பிறகு முதலாளியிடம் போனார். முதலாளி சிரித்தார். “தாய்மாமனுக்குச் சொல்றது ஒரு குத்தமா பிள்ள? மாமா என்ன கள்ளனா?”

“மாமா இல்லாத ரெண்டு நாளுக்குத்தான் நான் ரூம் எடுத்தன்” என்றார் மிஸ்.

பொலிஸிலும் அதே கதைதான். அடித்தாரா, கதவை உடைத்தாரா என்று கேட்டார்களாம். இல்லை, மெதுவாகத் தட்டினார் என்றாராம் மிஸ். அப்படியானால் என்ன முறைப்பாடு என்று கேட்டார்களாம். பதியும்வரை அவர் வாங்குப் பலகையை விட்டு எழும்பவில்லை. முறைப்பாட்டு இலக்கத்தைத் துண்டில் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார். ஹோட்டலுக்கு அனுமதி கொடுக்கும் கந்தோருக்கும் கடிதம் போட்டார். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: நிர்வாகத்துக்கு அறிவுறுத்தப்பட்டுள்ளது. அந்த அறிவுறுத்தல் கடைசியில் ஒரு காட்போட் மட்டை. எழுதியவர்களின் பெயரை மூட முதலாளி வெட்டச் சொன்னார், நான் வெட்டினேன். கரண்ட் போன ஒரு மத்தியானம் யாரோ அதை விசிறியாக எடுத்தார்கள். திரும்பி வரவில்லை. கையெழுத்து வைத்ததற்காக என்னைத் தோட்ட வேலைக்குத் தள்ளினார்கள். எனக்கு அது பாரமில்லை. ஒரு வாயை மூடி வைத்திருந்தால் நடந்திராத காரியத்துக்கு எத்தனை கந்தோர், எத்தனை கடிதம் என்பதுதான் பாரம்.

மிஸ் பிறகு பரீட்சை எழுதினாரா, எங்கே இருக்கிறார், எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவில்லை. விசாரித்துத்தானே எல்லாம் நடந்தது.

போன மாதம் மனைவியின் கண் ஒப்பரேஷனுக்காக டவுனில் ஒரு லொட்ஜில் தங்கினோம். மேசையில் புத்தகம் விரிந்து கிடந்தது, நடுவில் பேனை. மூடி வையுங்கள் என்றேன். மேசைக்காரர் சிரித்தார். “இதுல என்ன ரகசியம் இரிக்கு ஐயா? நீங்க எந்த ஊர்?” பேனையை எடுத்தேன். எழுதுவதற்கு முன் என் கண் மேலே போய்விட்டது. பெயர், ஊர், அறை, எல்லாம் வாசித்துவிட்டேன்.

எனக்கு மேல் பதினொரு பேர்.