நாலு விரல் தண்ணீர்

மதகைத் திறக்கும்போது முதலில் நாலு விரல் உயரம்தான் தூக்குவோம். அரை மணி நேரம் விட்டு, பிறகுதான் முழுதாகத் தூக்குவது. சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது. என் மனைவியின் அண்ணன் வைத்த வழக்கம். மைசூருக்குப் பக்கத்தில், ராஜா காலத்து அணை. அங்கே அவர் மதகு ஆள். ஹனூரில் சும்மா கிடந்த என்னைக் கூட்டிவந்து தினக்கூலியாகச் சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

“தண்ணி சொல்லிட்டுத்தான் போகோணும் மாப்ளெ,” என்பார். கால்வாய் காய்ந்து கிடக்கும் நாளில் அதற்குள் என்னென்னவோ குடியேறிவிடும். ஒரு வருஷம் கால்வாய்ப் பாலத்தடியில், கல் பெயர்ந்த பொந்தில் நீர்நாய் குட்டி போட்டிருந்தது. அணையில் மீனைக் கவ்விக்கொண்டு பொந்துக்கு ஓடும். “உங்க பங்காளி சம்பாரிச்சுட்டு ஊட்டுக்குப் போறான் பாருங்க. நீங்களும் இருக்கறீங்களே,” என்று என்னைக் கிண்டல் செய்வார்.

கோடைப் பயிருக்குத் தண்ணீர் விடும் நாள். பூஜைக்குப் பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். கால்வாய் நிறைந்து ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கிளம்ப அவர்களுக்கு அவசரம். ஒரேயடியாகத் தூக்கச் சொன்னார் அதிகாரி. மச்சான் குட்டிகளைச் சொல்லி அரை மணி நேரம் கேட்டார். நாய்க்காக இவர்கள் வெயிலில் நிற்பதா என்றார் அதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். என்னை நிரந்தரமாக்கும் காகிதம் அவர் மேசையில் கிடந்தது. நான் சுற்றினேன்.

தாய் ஒரு குட்டியைக் கவ்விக் கரையேறியது. வைத்துவிட்டுத் திரும்பிப் போனது. பொந்துக்கு மேலே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வரை அங்கேயே கத்தியது.

“நீங்க சுத்தாட்டி அந்த அதிகாரியேதான் சுத்தியிருக்கோணும்,” என்றார் மச்சான். “எந்தப் பக்கம் சுத்தறதுன்னே அவருக்குத் தெரியாதுங்க.”

 அடுத்த மாதம் வேலையை விட்டு நஞ்சன்கூட்டுக்குக் குடிபோனார். எனக்கு வேலை நிரந்தரமானது. இன்று பென்ஷன் வாங்குகிறேன். இப்போது பொத்தானை அழுத்தினால் மதகு மொத்தமாக ஏறுகிறது. பாலத்தடிக்கு சிமெண்ட் பூசிவிட்டார்கள்.

என் மகள் கல்யாணத்துக்கு மச்சான் வந்தார். தாய்மாமன் செய்ய வேண்டிய எதிலும் குறை வைக்கவில்லை. சீர்த்தட்டு கொண்டுவந்தார், பெண்ணை மணவறைக்கு அழைத்துவந்தார். பந்தியில் அவர் இலைக்கு நானே சோறு எடுத்துப் போனேன்.

“இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா மச்சான்?”

“போதுங்க.”

மதகு திறந்த அன்றைக்குப் பிறகு அவர் என்னோடு பேசியது அவ்வளவுதான்.