அழத் தெரியாத மகள்

பழவேற்காடு ஏரியில் ஜமுனா செய்யும் வேலைக்கு வலையும் வேண்டாம், படகும் வேண்டாம். பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் மண்டியிட்டு நகர்ந்தபடி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவள் அவள். பன்னிரண்டு வயதில் அம்மாவோடு தண்ணீரில் இறங்கியவளுக்கு இப்போது முப்பத்து மூன்று. கோட்டைக்குப்பத்துக்கு மேற்கே, ஏரிக்கரையை ஒட்டிய அந்த நாற்பது வீடுகளில் பறி நிறையாமல் கரையேறாதவள் என்று அவளுக்குப் பெயர்.

பறி நிறைந்தது, மடிதான் நிறையவில்லை. தங்கவேலுக்கு வாழ்க்கைப்பட்டு பதினோரு வருடம். இரண்டு முறை கருத்தரித்து, இரண்டு முறையும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. இரண்டாவது முறை கலைந்தபோது அவளைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவள் தங்கவேலின் அக்கா முத்தம்மாள். அந்த நன்றி ஜமுனாவின் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. அதனால்தான் நாத்தனார் எது சொன்னாலும் அவள் மறுத்துப் பேசியதில்லை.

பதினோரு வருடத்துக்குப் பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ தொள்ளாயிரம். பொன்னேரி ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் வரை வைத்திருந்து மூன்றாம் நாள் காலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பேறுகாலத்துக்குத் துணையாக முத்தம்மாள் முன்னமே மூட்டை முடிச்சோடு வந்துவிட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த குழந்தை அழவே இல்லை.

பக்கத்து வீட்டு அமுதவல்லிக்கு அதிசயம் தாங்கவில்லை. மூன்று பெற்றவள் அவள், மூன்றும் தெருவையே எழுப்பியவை. "இன்னா ஜமுனாக்கா, பெத்துகினு வந்தியா, கடையில வாங்கினு வந்தியா? சத்தமே காணோம்," என்று கேலி செய்தாள். முத்தம்மாளுக்குப் பெருமை பிடிபடவில்லை. செத்துப்போன தன் நைனாவின் பொறுமை அப்படியே வந்து இறங்கியிருக்கிறது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். முகத்தை நகத்தால் கீறிக்கொள்ளக் கூடாதென்று பழைய வேட்டியைக் கிழித்து, குழந்தையைக் கழுத்து முதல் கால் வரை இறுகச் சுற்றினாள். கையை வாயில் வைத்துச் சப்பினால் வயிற்றில் காற்று சேரும் என்று இரண்டு கைகளையும் உள்ளே சேர்த்துக் கட்டினாள்.

ஜமுனாவுக்கும் அந்த அமைதி பிடித்திருந்தது. தண்ணீரை அலம்பினால் இறால் ஓடிவிடும், அசையாமல் இருந்தால்தான் கைக்கு வரும் என்று வளர்ந்தவள். தூங்குகிற மகளை எழுப்புவது பாவம் என்றே நினைத்தாள். குழந்தை தானாகக் கண் விழித்தால் பால் கொடுத்தாள். விழிக்காவிட்டால் காத்திருந்தாள். மார்பு கனத்து வலிக்கிற வரைக்கும் காத்திருந்தாள்.

ஐந்தாம் நாள் காலை ஒன்பது மணிக்குக் கிராம நர்ஸ் ஜெபசெல்வி வந்தாள். காட்டூர்ப் பெண், இருபத்தாறு வயது, இன்னும் கல்யாணமாகாதவள். தொங்கு தராசைக் கூரை மரத்தில் மாட்டி, துணித் தொட்டிலில் குழந்தையை வைத்தாள். முள் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தையை இறக்கி, மறுபடியும் வைத்துப் பார்த்தாள். இரண்டு கிலோ அறுநூறு. நேற்று எத்தனை துணி நனைந்தது என்று கேட்டாள். இரண்டு என்றாள் ஜமுனா. கண் விழித்து எத்தனை முறை குடித்தது என்று கேட்டாள். நாலு முறை இருக்கும் என்றாள் ஜமுனா. சொல்லும்போதே அவள் குரல் இறங்கிப் போயிற்று.

"பாப்பா பொறுமையா இல்லக்கா. அழறதுக்குத் தெம்பு இல்லாம கெடக்குது," என்றாள் ஜெபசெல்வி.

 இரண்டு நாட்களாக ஊரே கொண்டாடிய அமைதி ஒரு நொடியில் வேறு முகம் காட்டிற்று. ஜமுனா குழந்தையை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

ஜெபசெல்வி வெளியே போய் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் போனில் பேசிவிட்டு வந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை, கண்ணில் மஞ்சள் இல்லை, எழுப்பினால் விழிக்கிறது. ஆகையால் சாயங்காலம் நாலு மணி வரைக்கும் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுப்பிக் குடிக்க வைக்க வேண்டும். நாலு மணிக்குள் மூன்று துணியாவது நனைய வேண்டும். இல்லையென்றாலோ, நடுவில் எழுப்பியும் எழுந்திருக்காவிட்டாலோ, அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. ஆட்டோக்கார ஆல்வினைத் தெருமுனையிலேயே நிற்கச் சொல்லிவிட்டாள்.

முத்தம்மாளுக்குச் சுருக்கென்றது. "கண்ணாலமே ஆவாத பொண்ணு பாலு குடுக்கச் சொல்லித் தருதா? பாலு ஊற வேணாவா? ஊறினாத்தான குடுக்க முடியும்," என்றாள்.

அப்போதுதான் ஜமுனா தன் மனதில் இருந்ததைச் சொன்னாள். தலை நிமிராமல், தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன் நர்சம்மா. இன்னிக்குத் தடவுன சேத்துல நாளைக்குக் கை வெக்க மாட்டோம். ஒரு நாள் ஆற உட்டாத்தான் எறா திரும்பி வரும். பாலும் அது மாரின்னு நெனச்சி, சேரட்டும் சேரட்டும்னு குந்திகினு இருந்தேன்."

எட்டிப் பார்க்க வந்திருந்த அமுதவல்லிகூடச் சிரிக்கவில்லை. ஜெபசெல்வி ஜமுனாவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். "குடி தண்ணிக்கு மணல்ல ஊத்து தோண்டுறீங்களே, அதை நாலு நாள் அள்ளாம உட்டா இன்னா ஆவும்?" என்று கேட்டாள்.

ஜமுனா தலை நிமிர்ந்தாள். "மண்ணு சரிஞ்சி தூந்துபூடும்," என்றாள். "அள்ள அள்ளத்தான் வரும்."

"அவ்ளோதான்க்கா."

ஜெபசெல்வி வேட்டித் துணியை அவிழ்த்தாள். குழந்தையை வெறும் உடம்பாக ஜமுனாவின் வெறும் மார்பின்மேல் படுக்க வைத்து, மேலே புடவைத் தலைப்பைப் போர்த்தினாள். பசிக்கும் குழந்தை முதலில் அழாது, அழுகை கடைசியில்தான் வரும், அதற்கு முன்னால் வாயும் கையும் கேட்கும் என்று சொன்னாள். பக்கத்துத் தெருவில் இன்னும் இரண்டு வீடு பார்க்க வேண்டியிருந்தது. நாலு மணிக்கு வந்து பார்ப்பதாகவும், ஏதாவது என்றால் கூப்பிடும்படியும் சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் முறை தோல்விதான். உள்ளங்காலைத் தேய்த்து, ஈரத் துணியால் முகத்தைத் துடைத்து எழுப்பியும், நாலு வாய் உறிஞ்சிவிட்டுக் குழந்தை தூங்கிப்போயிற்று. பதினோரு மணிக்கும் அப்படியே. ஒரே ஒரு துணி, அதுவும் ஓரம்தான் நனைந்திருந்தது, கணக்கில் சேராது. தங்கவேல் அன்று ஏரிக்குப் போகவில்லை. வாசலில் நின்றுகொண்டு, ஆல்வினின் ஆட்டோவையும் வீட்டுக்குள்ளேயும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முத்தம்மாள் அடுப்படியில் இருந்து கிண்ணத்தோடு வந்தாள். சர்க்கரைத் தண்ணீர். வெள்ளைத் துணியில் நனைத்து வாயில் வைத்தால் தெம்பு வரும் என்றாள். அவள் கண்களும் கலங்கித்தான் இருந்தன. கெட்ட எண்ணம் துளியும் கிடையாது.

"வேணா அண்ணி," என்றாள் ஜமுனா.

பதினோரு வருடத்தில் அவள் நாத்தனாரிடம் சொன்ன முதல் மறுப்பு அது. முத்தம்மாள் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். இத்தனை நாள் உன்னைத் தூக்கி நிறுத்தினவள் நான், இன்று நேற்று வந்தவள் பேச்சு பெரிதாகிவிட்டதா என்று கேட்டாள். ஜமுனாவின் கண்ணில் இருந்து நீர் வழிந்து குழந்தையின் தலையில் சொட்டியது.

"நீ தூக்கலன்னா நானே இல்ல அண்ணி. அத்த மறந்தா நான் மனுசியே இல்ல. ஆனா இவ வயிறு ரவயூண்டு வயிறு. சக்கரத் தண்ணியால அது ரொம்பிட்டா, எங்கிட்ட எப்பிடிக் கேப்பா?"

முத்தம்மாள் உள்ளே போனாள். கிண்ணத்தைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

மதியம் ஒரு மணி இருக்கும். குழந்தை மூடிய கண்ணோடு கிடந்தது. ஜமுனா இமைக்காமல் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிய இமைக்குள் கண்மணி உருண்டது. உதடு இரண்டு முறை பிரிந்து கூடியது. கட்டு இல்லாத வலது கை மெல்ல மெல்ல ஏறி, குறி தவறிக் கன்னத்தில் மோதி, மறுபடியும் ஏறி, வாய்க்கு வந்து சேர்ந்தது. தலை அவள் மார்பின் பக்கமாகத் திரும்பி எதையோ தேடிற்று.

ஜமுனா அந்தக் கையைத் தொட்டாள்.  இந்தக் கையைத்தானே இரண்டு நாட்களாகத் துணிக்குள் வைத்துக் கட்டியிருந்தோம்? இந்தத் தலையாட்டலைத்தானே தூக்கத்தில் புரள்கிறாள் என்று தட்டிக் கொடுத்தோம்? மகள் கேட்காமல் இருக்கவில்லை. பிறந்த நாள் முதல் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய்த் தூங்கியிருக்கிறாள்.

அழ நேரமில்லை. அந்தத் திறந்த வாயை அப்படியே மார்போடு சேர்த்தாள். குழந்தை இந்த முறை நழுவவில்லை. தாடை அசைந்தது, தொண்டையில் முழுங்கும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கடுக்காகக் கேட்டது. தூக்கம் வந்து வாய் தளர்ந்தபோது தோளில் போட்டுத் தட்டி, அடுத்த மார்புக்கு மாற்றினாள். அங்கேயும் குடித்தது.

"அக்கா, இங்க வந்து பாரு," என்று தங்கவேல் கூப்பிட்டான். 

முத்தம்மாள் வந்து நிலைப்படியில் நின்றாள். முழுங்கும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு அருகே வந்து, தான் இறுகக் கட்டியிருந்த அந்தச் சின்னக் கைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "தெரியாம பண்ணிட்டேன்டி," என்றாள், குழந்தையிடமா ஜமுனாவிடமா என்று தெரியாதபடி.

இரண்டரை மணிக்கு உதடு மறுபடியும் பிரிந்தது. ஜமுனா மணியைப் பார்க்கவில்லை, உடனே கொடுத்தாள். மூன்றரைக்குள் இரண்டு துணிகள் நன்றாகவே நனைந்துவிட்டன. அமுதவல்லி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, மூன்றாவதும் நனைந்ததா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு ஜெபசெல்வி வந்தபோது முத்தம்மாளின் மடியெல்லாம் ஈரம். "மூணாவதுக்குத் துணியில்ல, என் பொடவதான்," என்று அவள் நீட்டிக் காட்டினாள். ஜெபசெல்வி சிரித்துக்கொண்டே குழந்தையின் வாயையும் கண்ணையும் பார்த்தாள், உள்ளங்காலைச் சுண்டிப் பார்த்தாள். கால் வெடுக்கென்று உள்ளே போயிற்று, முகம் சுருங்கிற்று, வாய் கோணிற்று. வீடு அதிர ஒரு அழுகை எழுந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அதுதான் முதல் சத்தம். ஆபத்து இன்னும் முழுதாக நீங்கிவிடவில்லை, நாளைக் காலையில் மறுபடியும் எடை பார்க்க வேண்டும், ராத்திரியிலும் எழுப்பிக் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னாள். டாக்டருக்குப் போன் செய்து விவரம் சொன்னாள். இன்று வர வேண்டாம் என்றார் அவர்.

ஆல்வின் வாசலில் வந்து எட்டிப் பார்த்தான். "இன்னாம்மா, யாரு வராங்க?"

"நான் மட்டுந்தான். பஸ் ஸ்டாண்டுல உட்டுடு," என்று ஜெபசெல்வி தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினாள்.

ஆட்டோ கிளம்பும் சத்தம் ஜமுனாவுக்குக் கேட்கவில்லை. அழுது ஓய்ந்த மகள் தலையை மெல்ல அவள் மார்பின் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தாள்.