முதலில் தண்ணீரில் இறங்கியவர்

மாநில எல்லையில் இருக்கும் கோபாலபுரம் சோதனைச் சாவடியில் பேருந்தை விட்டு இறங்கி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே என் கணவர் நடந்து வந்த அந்தப் பிற்பகல் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தோளில் ஒரு துணிப்பை, சட்டையில் டீசல் வாடை. கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த என் முன்னால் வந்து நின்று, "முடிஞ்சுது அம்மணி. கப்பலை ஒடைக்கக் குடுத்துட்டாங்க" என்றார். சொந்தத்தில் யாரோ இறந்துபோன செய்தியைச் சொல்வதுபோல் இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு அவருக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். எனக்கு வருத்தமா, நிம்மதியா என்று தெரியவில்லை. அலுப்பு மட்டும் தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவரை அந்தக் கப்பலோடு பங்கு போட்டுக்கொண்டு வாழ்ந்தவள் நான்.

அது கடற்படையின் தரையிறங்கு கப்பல். அடிப்பாகம் தட்டையாக இருக்கும். துறைமுகம் வேண்டியதில்லை, நேராக மணலில் வந்து முட்டி நிற்கும். முகப்பு இரண்டு கதவுகளாகத் திறக்க, உள்ளிருந்து ஓர் இரும்புச் சரிவுப் பலகை இறங்கும். அதன் வழியே படைவீரர்களும் வண்டிகளும் கரைக்குப் போவார்கள். கதவைத் திறப்பதும் பலகையை இறக்குவதும் என் கணவரின் வேலை. நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் கிழக்கே போர் மூண்டது. கப்பல் அங்கே போயிருப்பதாக மட்டும் தெரியும். நாடு வென்றது. அவர் விடுப்பில் வந்தபோது ஊரே திரண்டு கோயிலில் வைத்து மாலை போட்டது. காய்ச்சல்காரரைப்போல அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வீட்டுக்கு வந்ததும் மாலையைக் கழற்றி மாட்டுக்குப் போட்டுவிட்டார். என்ன நடந்தது என்று கேட்டுப் பார்த்தேன். தாம்புக்கயிற்றை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

பணிக்காலம் முடிந்து ஊருக்கு வந்த பிறகாவது முழு ஆளாக அவர் எனக்குக் கிடைப்பார் என்று நினைத்தேன். அதற்குள் படைக்கு உதவாது என்று அந்தக் கப்பலையும் கழித்துவிட்டார்கள். வாங்கிய வியாபாரி அதை மலையாளக் கரையிலுள்ள பேப்பூரிலிருந்து தீவுகளுக்கு ஓட்டினார். சிமெண்டு, அரிசி, ஆடு மாடு, கூடவே கொஞ்சம் ஆட்கள். சேதி காதில் விழுந்ததும் இவர் போய் அதே கதவு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அன்று பெரிய சண்டை.

"ஏனுங்க, கரையில இருக்கறதுக்கே உங்களுக்குப் புடிக்கலீங்களா? தோப்புக் காயுது. வாய்க்கால் தண்ணிக்கு நாந்தான் போய் மல்லுக்கு நிக்கறேன்."

"அந்தக் கதவை வேற ஆளு தொறக்கக் கூடாது அம்மணி."

வீம்பு என்று நினைத்தேன். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு முறை அவரோடு அந்தக் கப்பலில் போனேன். தீவு நெருங்கியதும் கப்பல் மெதுவாக மணலில் ஏறி நின்றது. எல்லோரும் மூட்டையோடு முண்டியடித்தார்கள். கதவைத் திறந்தவர் பலகையைப் பாதியில் நிறுத்தினார். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கையில் மூங்கிலோடு தண்ணீரில் குதித்தார். ஊன்றி ஊன்றிப் பார்த்தபடி கரைவரை நடந்தார். அதேபோல் திரும்பி வந்தார். மேலிருந்து கேப்டன், "சேட்டா, ஒந்நு வேகம்!" என்று அவசரப்படுத்தி மலையாளத்தில் கத்தினார். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இடப்பக்கம் ஆழம் இருக்கிறது, கப்பலைப் பின்னால் எடுத்து மறுபடி கொண்டுவாருங்கள் என்றார். ஆட்கள் முணுமுணுத்தார்கள், சிலர் வைதார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. கப்பல் தள்ளி வந்து நின்ற பிறகுதான் பலகை முழுதாக இறங்கியது. முதலில் ஒரு கர்ப்பிணிப் பெண், பிறகு நாங்கள், அதற்கப்புறம் மாடுகள். தண்ணீர் கெண்டைக்காலைத் தாண்டவில்லை.

"எல்லாருந் திட்டறாங்களேங்க" என்றேன்.

"திட்டட்டும்" என்றார், சட்டையைப் பிழிந்துகொண்டே. ஒவ்வொரு கரையிலும் அப்படித்தானாம்.

கப்பலை உடைக்கக் கொடுத்துவிட்டு வந்த அந்தப் பிற்பகல், தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் கிணற்றுச் சுவரோரம் உட்கார்ந்தார். வடக்கே கப்பல் உடைக்கும் கரையில், கடல் ஏறியிருக்கும்போது முழு வேகத்தில் கொண்டுபோய் ஏற்றினார்களாம். கடல் வாங்கியதும் கதவைத் திறக்கச் சொன்னார்களாம்.

"கடைசியா ஒருக்கா பலகையை எறக்குனேன். கீழ வெறுஞ் சேறு. காலு நனையக்கூடத் தண்ணியில்லை" என்றார். காலிச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, "அன்னைக்கும் இப்படி இருந்திருக்கலாம்" என்றார். அதன் பிறகுதான் போரைப் பற்றிச் சொன்னார். கப்பல் தட்டியது கரை அல்ல, மணல்திட்டு. திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஆள் முங்கும் ஆழம் இருந்தது யாருக்கும் தெரியவில்லை. உத்தரவு வந்தது, இவர் பலகையை இறக்கினார். முதுகில் சுமையோடு பையன்கள் இறங்கினார்கள்.

"முன்னாடி போனவங்க மேல வரவே இல்லை. அது தெரியாம பின்னாடி நின்னவங்க எறங்கிட்டே இருந்தாங்க. நான் கத்துனது எஞ்சின் சத்தத்துல கேக்கலை."

"உங்களை யாருங்க குத்தஞ் சொன்னாங்க? உத்தரவு மேல இருந்துதானுங்களே வந்துச்சு?"

"யாருமே சொல்லலை அம்மணி. அதுதான்."

"சாப்பிட வாங்க" என்று மட்டும் சொன்னேன். அத்தனை வருடக் கோபம் அன்று போய்விட்டது. களைப்புத்தான் போகவில்லை.

அதன் பிறகு வெகுகாலம் தோப்பைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்தார். போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். சில மாதம் கழித்து, போரில் வென்ற நாளைக் கொண்டாடுவதாகச் சொல்லி எங்கள் ஊர்ப் பள்ளியில் எனக்குச் சால்வை போடக் கூப்பிட்டார்கள். பள்ளிவாசல் என்ற மலையூரில் தேயிலைத் தொழிற்சாலை வேலையில் இருக்கும் என் மகன் வந்து வண்டியில் அழைத்துப் போனான். வீரம், வெற்றி என்று ஒவ்வொருவராகப் பேசினார்கள். என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"போரைப் பத்தி நான் என்னத்தச் சொல்றதுங்க. அந்தக் கப்பலு பின்னால தீவுக்கு ஆடு மாடு, ஆளுகளையெல்லாம் கொண்டு போச்சுங்க. அவர் எறக்கிவிட்டதுல ஒரு கன்னுக்குட்டிகூடத் தண்ணியில முங்குனதில்லைங்க. சால்வை போடறதுன்னா அதுக்குப் போடுங்க."

கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் சிலர் தட்டினார்கள். திரும்பும் வழியில் மகன், "அதென்னம்மா, கன்னுக்குட்டி கணக்கு? அப்பா ஒண்ணுமே சொன்னதில்லையே" என்று கேட்டான். நானும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சொல்லத் தொடங்கினேன். கதை அந்த மணல்திட்டுக்கு வந்தபோது அவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டான்.

"மொதல்ல இருந்து சொல்லுங்கம்மா" என்றான்.

எனக்குக் களைப்பாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.